ஏரிக்கரையில் நான்கு இரவுகள்

இன்னும் 23 நாள்கள் இருக்கின்றன. நடுவாண்டுப் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில், பேராக், லெங்கோங் வட்டாரத்தில், ராபான் ஏரிக்கரையில் ஒரு வீட்டை நான்கு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். 3 அறைகள், 2 குளியலறைகள், ஏரியைப் பார்த்தபடி நீளமான ஓர் ஐந்தடி. போகப்போவது 13 பேர். சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அந்தத் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். தேநீர் கலக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

"நாலு ராத்திரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று என் கணவர் கேட்கிறார். வாசகர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். லங்காவிக்கோ கேமரன் மலைக்கோ போய் வருவதைப் போல இதுவும் ஒரு விடுமுறைதானே என்று கேட்கலாம். அண்ணன், நான், தங்கை மூவருக்கும் சொந்த வீடு இருக்கிறது. ஆனால் மூன்று குடும்பமும் ஒன்றாகப் போய் இறங்க ஒரு வீடு இல்லை. அதனால்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

ஐம்பதைத் தொட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் காலத்தில் பள்ளி விடுமுறை என்றால் தோட்டத்துப் பாட்டி வீடு. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். லயத்து வீட்டில் இருந்தது ஒரே அறை, ஒரு கூடம், பின்னால் ஒரு குசினி. அதில் சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து பேர் பாயைப் போட்டு வரிசையாகப் படுப்போம். சண்டை போட்டாலும் மறுபடி அதே பாயில்தான் படுத்தாக வேண்டும். கோபித்துக்கொண்டு போக வேறு அறை கிடையாது. இன்று யாருக்காவது ஒரு நல்லது கெட்டது என்றால் அந்தப் பாயில் படுத்தவர்கள்தான் முதலில் வந்து நிற்கிறார்கள்.

அப்புறம் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது, லயங்கள் உடைபட்டன. அப்பாவும் அம்மாவும் டாமானில் ஒரு சிறிய தரை வீடு வாங்கிக் குடியேறினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே பாட்டி வீடானது. நான்கு வருடங்களுக்கு முன்பு அப்பா தவறினார். அடுத்த வருடம் வீட்டை விற்றோம். தனியாக அம்மாவை அங்கே விட முடியவில்லை. விற்றது சரிதான்.

இப்போது அம்மாவுக்கு வயது 78. சுங்கை பட்டாணியில் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள், கிள்ளானில் என் வீட்டில் கொஞ்ச நாள், ஜொகூர் பாருவில் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் என்று ஒரு துணிப்பையோடு சுற்றி வருகிறார். யாரும் குறை வைப்பதில்லை. போன தீபாவளிக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு மூணு வீட்டுலயும் ரூம்பு இருக்கு. வீடுதான் இல்ல." குறையாகச் சொல்லவில்லை. அச்சில் மாவு தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த ஈடு போட ஆரம்பித்தார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வீடு விற்றதில் இன்னொன்றும் நடந்தது. அப்பா இருந்தபோது கூரையும் குசினியும் ஒழுகின. தங்கை கணவர் தன் கையிலிருந்து 18,000 வெள்ளி போட்டுப் பழுதுபார்த்தார். வீட்டை விற்றபோது அந்தப் பணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பங்கு போடலாம் என்றார். மருமகன் மாமனாருக்குச் செய்ததை யாராவது கடனாக எழுதுவார்களா என்றார் அண்ணன். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நடுவில் ஒரு வார்த்தை விழுந்தது. அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். பணம் எப்படியோ பிரிக்கப்பட்டது. வார்த்தை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் இருவரும் பார்த்துக்கொள்வார்கள், தலையசைப்பார்கள், ஆளுக்கொரு மேசைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளும் அப்படியே பிரிந்துவிட்டார்கள். என் மகளுக்கு அண்ணன் பிள்ளைகளின் முகம் இன்ஸ்தாகிராமில்தான் தெரியும்.

இத்தனை இடமிருக்க ராபான் ஏரி எதற்கு?

பேராக் ஆறு தாய்லாந்து எல்லைப் பக்கம் பிறந்து, தெற்கே இறங்கி, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளம். அதன் மேல்பகுதியில் தெமெங்கோர், பெர்சியா, கெனரிங், செண்டரோ என்று வரிசையாக நான்கு அணைகள். கடைசியில் இருக்கும் செண்டரோதான் வயதில் மூத்தது. 1930-இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம் அது. அந்த அணை தேக்கிய தண்ணீரின் ஒரு பகுதிதான் ராபான் ஏரி. கோலகங்சாரிலிருந்து கெரிக் போகும் சாலையில் போனால், லெங்கோங் வருவதற்கு முன்பே பக்கத்தில் தண்ணீர் தெரிய ஆரம்பித்துவிடும்.

அப்பாவுக்கு இருந்த ஒரே பைத்தியம் தூண்டில். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆண்கள் ஏழெட்டுப் பேர் ஒரு லாரியைப் பிடித்துக்கொண்டு அந்த ஏரிக்குப் போவார்கள். விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். கொண்டு வருவது லம்பாம், செபாராவ், சில நாள் விரால் இனத்துத் தொமான். அதிர்ஷ்டம் இருந்தால் பெலிடா. பெலிடாவில் முள் அதிகம். ஆனால் ருசி தனி. அம்மா அதை நீளவாக்கில் பிளந்து, கரண்டியால் சதையைச் சுரண்டி எடுத்து, உப்பும் மிளகும் போட்டுக் கையாலேயே அடித்து அடித்து உருண்டை பிடிப்பார். அந்த மீன் உருண்டைக் குழம்புக்காகவே பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

வீடு தேடத் தொடங்கியபோது, "ராபான் ஏரி எப்படிம்மா இருக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டேன். "யாருக்குத் தெரியும்? நான் எங்க பார்த்தேன்?" என்றார்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் அந்த ஏரியின் மீனைக் கழுவி, சமைத்து, எங்களுக்கு ஊட்டியவர். தோட்டத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். லாரியில் ஆண்கள் மட்டும் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்குத் துணி துவைக்கும் நாள், அரிசி புடைக்கும் நாள். கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கவும் இல்லை, கூட்டிப் போகவும் இல்லை. அந்த நிமிடத்தில் வேறு இடம் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த ஏரிக்கும் எங்களுக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. செண்டரோ அணையின் மின்சாரம் அந்தக் காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. எங்கள் லயத்தில் நான் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதுகூட தோட்டத்து ஜெனரேட்டர்தான். மாலையில் எரியும், இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. ஏரியின் மீன் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது, வெளிச்சம் வரவில்லை. இதையெல்லாம் பிள்ளைகளிடம் அந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள்.

வீடு பிடித்த கதைக்கு வருகிறேன். படங்களைப் பார்த்தால் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கிறது. நான் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "படிக்கட்டு எத்தனை?" அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. ஆற்றோரக் கம்பத்து வீடுகள் பல தூண்மேல் நிற்பவை. ஒரு வீட்டில் பதினான்கு படி என்றார்கள். இன்னொன்றில் படி இல்லை, ஆனால் குந்தி உட்காரும் கழிவறை. மூன்றாவதாகப் பேசிய மாக்சிக் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "உங்கள் அம்மா பிடித்து நடக்கக் கம்பி வேண்டுமா? என் அம்மாவுக்காகக் குளியலறையில் போட்டது இன்னும் இருக்கிறது." அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஓர் இரவுக்கு 450 வெள்ளி. திரும்பக் கிடைக்கும் முன்பணம் 300. பன்றி இறைச்சியும் மதுவும் வேண்டாம், மற்றபடி உங்கள் வீடு மாதிரி என்றார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாட்டிறைச்சி சமைத்த சட்டியில் சமைக்க மாட்டார். ஆனால் அதைச் சொல்லி அந்த அம்மாளின் மனத்தை நோகடிக்கவும் மாட்டார். "நம்ம சட்டி, நம்ம இட்லிப் பானை எல்லாம் கொண்டு போயிடுவோம். அவங்களுக்கும் சங்கடம் இல்ல, நமக்கும் சங்கடம் இல்ல" என்றார். மாக்சிக்கிடம் சட்டி கொண்டு வருகிறோம் என்றதும் அவர் காரணம் கேட்கவில்லை. "அடுப்பு பெரியது, எரிவாயு நிறைத்து வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். எழுபது வருடம் பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழ்ந்தால் இவ்வளவு நாசூக்கு தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

இங்கே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறை வீட்டின் பெயரில் இணையத்தில் மோசடி நிறைய நடக்கிறது. இல்லாத வீட்டுக்கு அழகான படம் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். பணம் போடுமுன் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் தயங்க மாட்டார். எங்கள் மாக்சிக் கோழிக்கூடு வரைக்கும் காட்டினார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997-க்கு அழையுங்கள்.

வீடு கிடைத்துவிட்டது. ஆள் வர வேண்டுமே?

எங்களுக்கு ஒரு குடும்பப் புலனக் குழு உண்டு. அப்பாவின் கருமக்கிரியைக்குச் சாமான் வாங்குவதற்காகத் தொடங்கியது. அதன் பெயர் 'அப்பா 16-ஆம் நாள்'. நான்கு வருடமாக யாரும் அந்தப் பெயரை மாற்றவில்லை. யாரும் பெரிதாகப் பேசவும் இல்லை. பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, அம்மாவின் மருந்துச் சீட்டு, அவ்வளவுதான். அந்தக் குழுவில்தான் வீட்டின் படத்தைப் போட்டேன். கீழே கணக்கையும் போட்டேன்: நான்கு இரவு 1,800 வெள்ளி, மூன்று குடும்பம், ஆளுக்கு 600. பழைய கணக்கு ஆறாமல் கிடக்கும் இடத்தில் புதுக் கணக்கு ஒரு காசுகூடப் பிசகக் கூடாது.

அண்ணன் அன்றே பணம் போட்டுவிட்டார். தங்கை, "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்றாள். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. ஜொகூரிலிருந்து அங்கே 550 கிலோமீட்டருக்கு மேல். அவர் தினமும் எல்லை கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கிறவர், விடுமுறையிலும் எதற்கு இத்தனை தூரம் என்று சொன்னால் மறுக்க முடியாது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் கைப்பேசியை எடுக்கும்போதெல்லாம் அவர் கண் என் முகத்துக்கு வந்து போனது.

ஐந்தாம் நாள் இரவு குழுவில் ஒரு செய்தி வந்தது. தங்கை கணவர் எழுதியிருந்தார்: "மச்சான், மாமாவோட தூண்டில் பெட்டி என்கிட்டதான் இருக்கு. கொண்டு வரவா?"

வீட்டைக் காலி செய்தபோது அந்தத் தகரப் பெட்டி எங்கே போனது என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கடைசிக் காலத்தில் அப்பாவோடு தூண்டில் போட உட்கார்ந்தவர் அவர்தான். மூன்று வருடத்தில் அண்ணனை அவர் மச்சான் என்று அழைத்தது அதுவே முதல் தடவை. பதில் இல்லை. நான் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து அண்ணனின் பதில் வந்தது: "கொண்டு வாங்க மாப்பிள்ள."

அவ்வளவுதான். வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பார்த்தால், குழுவின் பெயரை யாரோ 'ஏரி வீடு' என்று மாற்றியிருந்தார்கள். அண்ணனின் கடைசி மகள் என்று பிறகு தெரிந்தது.

அன்று தொடங்கியது ஆரவாரம். அண்ணி ஊறுகாய் போடுகிறார். என் கணவர், ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்டவர், கார் டயரை மாற்றிவிட்டார். அம்மா 200 வெள்ளியை ஒரு கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்து, "மீன் மாட்டலன்னா கடையில வாங்கணும்ல" என்றார். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே கவலை. அங்கே வைஃபை இல்லை, கைப்பேசி அலைவரிசையும் விட்டு விட்டுத்தான் வரும் என்று மாக்சிக் சொல்லிவிட்டார். என் மகன் அதைக் கேட்டு இடிந்துபோனான். நான் உள்ளுக்குள் மாக்சிக்குக்கு நன்றி சொன்னேன்.

போகும் வழிக்கும் திட்டம் இருக்கிறது. தங்கை குடும்பம் முதல் நாள் இரவு என் வீட்டில் தங்கும். மறுநாள் சேர்ந்து புறப்பட்டு கோலகங்சாரில் இறங்குவோம். அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் 9 கன்றுகளை, அப்போது பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றில் தப்பிப் பிழைத்தது அந்த மரம். மூன்று தலைமுறையாகப் பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகள், மூத்த மரத்தை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டாமா? அம்மா அதன் பட்டையைப் பார்த்து என்ன சொல்வார் என்று கேட்க எனக்கே ஆசை.

ஏரிக்குப் பக்கத்திலேயே லெங்கோங் பள்ளத்தாக்கு. 1991-இல் அங்குள்ள குனோங் ருந்து குகையில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைமையான மனித எலும்புக்கூடு கிடைத்தது. 'பேராக் மனிதன்' என்று பாடநூலில் படிக்கிறார்களே, அவர்தான். 2012-இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஒரு பகல் அதற்கு. இன்னொரு பகல் லெங்கோங் கடைத்தெருவுக்கு. வறுத்த அரிசியும் உப்பும் போட்டுப் புளிக்க வைக்கும் லோமா மீன் பெக்காசாம் அங்கே பெயர் பெற்றது. நம் கருவாடு மாதிரி எண்ணெயில் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் தூவிச் சுடுசோற்றோடு சாப்பிட வேண்டும். பருவம் தொடங்கியிருந்தால் சாலையோரத்தில் டுரியானும் கிடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கறார். பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்: மிதவைச் சட்டை இல்லாமல் யாரும் படகில் கால் வைக்கக் கூடாது, பெரியவர் இல்லாமல் கரையில் இறங்கக் கூடாது. இது அணைத் தண்ணீர். மேலே திறப்பதையும் அடைப்பதையும் பொறுத்து மட்டம் ஏறும், இறங்கும். நேற்று முழங்கால் இருந்த இடத்தில் இன்று இடுப்பளவு இருக்கலாம். காலில் காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் நீரில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தி இதே நாளிதழில் வருகிறது. படிக்கும்போது கை நடுங்குகிறது.

நான்கு இரவில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. 18,000 வெள்ளியும் அந்த ஒரு வார்த்தையும் ஏரியில் கரைந்துவிடாது. அண்ணனும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு மூலையில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு வாய் திறக்காமலே உட்கார்ந்திருக்கலாம். இருக்கட்டும். தூண்டில் போடுகிற இடத்தில் பேசாமல் இருப்பது தவறில்லை. மீன் ஓடிவிடும் என்று சொல்லிக்கொள்ளலாம். இரவானால் மட்டும் தப்ப முடியாது. அறை மூன்றுதான். ஓர் அறை அம்மாவுக்கு, இரண்டு அறை பெண்களுக்கு. ஆண்களும் பையன்களும் கூடத்தில் பாய். எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்த இருவருக்கும் ஒரே கூடம்தான். படுக்கைத் திட்டத்தை நான்தான் போட்டேன்.

விடுமுறை நெருங்குகிறது. உங்களில் பலருக்கும் இப்படி ஓர் அண்ணனோ தங்கையோ ஏதோ ஒரு புலனக் குழுவில் பேசாமல் இருப்பார்கள். பெரிய சமாதானப் பேச்சு எதுவும் வேண்டாம். மூன்று குடும்பம் சேர்ந்தால் ஒரு வீட்டின் வாடகை அப்படியொன்றும் மலைக்க வைக்காது. ஏரிதான் வேண்டும் என்றில்லை; ஆற்றோரமானாலும் சரி, கடலோரமானாலும் சரி. நல்ல வீடுகள் சீக்கிரம் போய்விடும். பார்க்கும்போது, படிக்கட்டு எத்தனை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.